யூட் மக்களும் அரசு ஏஜெண்டுகளும்: ஆடவும் அழவும் யாரைக் கேட்க வேண்டியிருந்தது?

அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா பகுதிகளில் ஏறக்குறைய 1870களிலிருந்து 1934 வரை ஒரு வினோதமான உத்தியோகம் இருந்தது. யூட் பழங்குடியினர் எப்படிக் கல்யாணம் செய்ய வேண்டும், சாவுக்கு எப்படி அழ வேண்டும், எத்தனை குதிரை வைத்துக்கொள்ளலாம், எப்போது ஆடலாம் என்றெல்லாம் சொல்லும் உத்தியோகம், அதற்குப் பெயர் ஏஜெண்ட். இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். சில பதில்கள் நீளும், சில இரண்டு வரியில் முடியும்.

முதலில், யூட் என்பவர்கள் யார்?

ராக்கி மலைத்தொடரின் மக்கள். தங்களை நூச்சு என்று சொல்லிக்கொள்வார்கள், 'மக்கள்' என்றுதான் அதற்குப் பொருள். யூட்டா மாநிலத்தின் பெயர் இவர்களை வைத்து வந்ததுதான். ஸ்பானியர்களிடமிருந்து குதிரையை வெகு சீக்கிரம் பெற்றுக்கொண்டவர்கள் இவர்கள். அதன் பிறகு வேட்டை, வியாபாரம், கௌரவம், பந்தயம் எல்லாமே குதிரை மேல்தான். இதை மறக்காதீர்கள், பின்னால் ஒரு பெரிய சண்டையே இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரே ராஜா, ஒரே தலைநகரம் என்று எதுவும் கிடையாது. மூவாச்சே, கபோட்டே, வீமினூச்சே, அன்கம்பாக்ரே, ஒயிட் ரிவர், யூயின்டா என்று பல கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர்கள்.

ரிசர்வேஷன் என்கிறீர்களே, நம் ஊர் இட ஒதுக்கீடு மாதிரியா?

இல்லை, சொல் மட்டும்தான் ஒன்று. நம் ஊரில் அந்தச் சொல் வேலையிலும் படிப்பிலும் இடம் கொடுப்பது. அங்கே 'இந்த எல்லைக்குள் இரு, மற்றதெல்லாம் எங்களுக்கு' என்பது. யூயின்டா பள்ளத்தாக்கு ரிசர்வேஷன் 1861ல் லிங்கன் காலத்தில் உருவானது. 1868 ஒப்பந்தப்படி கொலராடோவின் மேற்குப் பகுதி, ஏறக்குறைய மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, கொலராடோ யூட்டுகளுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். சான் வான் மலைகளில் தங்கமும் வெள்ளியும் தென்பட்டதும் 1873ல் புரூனோ ஒப்பந்தம் என்று ஒன்றைப் போட்டு அந்த மலைகளை மட்டும் திரும்ப வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

ஏஜெண்ட் எப்படி நியமிக்கப்பட்டார்? தகுதி ஏதாவது?

பழங்குடிகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்ற தகுதி மட்டும் இல்லை. அரசியல் சிபாரிசில் வருவார்கள். ஜனாதிபதி கிரான்ட் காலத்தில் ஏஜென்சிகளை, அதாவது ஏஜெண்டுகளின் அலுவலகங்களை, கிறிஸ்தவ சபைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து, ஆட்களை அவர்களே பரிந்துரைக்கட்டும் என்றார்கள். கொலராடோ யூட்டுகள் யூனிடேரியன் சபையின் பங்கில் போனார்கள். யூட்டுகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு ஆள், சில குமாஸ்தாக்கள். இவர்களால் ஒரு சமூகத்தையே எப்படிக் கட்டுப்படுத்த முடிந்தது? ராணுவமா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ராணுவம் கடைசிக் கட்டம். அன்றாடம் வேலை செய்தது ரேஷன்தான்.

வேட்டைக்காடு சுருங்கச் சுருங்க மாவு, மாட்டிறைச்சி, சர்க்கரை, காப்பி, போர்வை எல்லாம் ஏஜென்சியில் வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தது. இது தர்மம் இல்லை, நிலத்துக்கு விலையாக ஒப்பந்தத்தில் எழுதியது. ஆனால் பட்டியல் ஏஜெண்ட் கையில். யார் பெயர் இருக்கும், யாருக்கு இந்த வாரம் இல்லை, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்றெல்லாம் அவரே முடிவு செய்வார். மாதத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் இடையில் வேட்டைக்குப் போய்விடுவார்கள், அதனால் வாரா வாரம் கொடு, பக்கத்திலேயே கிடப்பார்கள். எவ்வளவு சுலபமான யோசனை பாருங்கள். வெளியே போக வேண்டுமானால் அவரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கடை நடத்துகிற வியாபாரிக்கும் அரசு உரிமம் வேண்டும். பிற்பாடு நிலம் விற்ற பணமும் குத்தகைப் பணமும் தனிநபர் பெயரில் கணக்கில் ஏறின. ஆனால் எடுப்பதற்கு அதிகாரி கையெழுத்து வேண்டும். தன் பணத்தில் தான் ஒரு குதிரை வாங்குவதற்கு இன்னொருவனிடம் காரணம் சொல்ல வேண்டும் என்றால், அங்கே துப்பாக்கிக்கு என்ன வேலை?

அப்புறம் பழங்குடிப் போலீஸ். 1878ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதற்குப் பணம் ஒதுக்கியது, சாதாரணக் காவலருக்கு மாதம் 5 டாலர். சொந்தக்காரனையே சொந்தக்காரனைப் பிடிக்க வைக்கிற ஏற்பாடு.

இதெல்லாம் ஏஜெண்ட் இஷ்டமா, எழுதப்பட்ட விதி இருந்ததா?

முதலில் இஷ்டம், 1883க்குப் பிறகு விதி. உள்துறைச் செயலராக இருந்த ஹென்றி டெல்லர் 'அநாகரிகப் பழக்கங்களை' நிறுத்த வேண்டும் என்று 1882 டிசம்பரில் எழுதினார். அதன் பேரில் 1883 ஏப்ரலில் இந்தியக் குற்றங்களுக்கான ('இந்தியர்' என்று அவர்கள் சொன்னது பழங்குடிகளை) நீதிமன்றங்களும் அவற்றுக்கான விதிகளும் வந்தன. டெல்லர் கொலராடோக்காரர், அந்த மாநிலத்தின் செனட்டராக இருந்தவர். யூட்டுகளைத் துரத்துவதில் மாநிலமே மும்முரமாக இருந்த காலத்து ஆள்.

விதிகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். சூரிய நடனம், போர் நடனம் போன்றவற்றில் கலந்துகொண்டால் முதல் தடவை 10 நாள் வரை ரேஷன் கிடையாது, அடுத்த தடவை 15 முதல் 30 நாள் வரை ரேஷன் நிறுத்தம் அல்லது 30 நாள் வரை சிறை. இன்னொரு மனைவியைக் கட்டினால் குறைந்தது 20 டாலர் அபராதம் அல்லது 20 நாள் கடின வேலை. பெண் வீட்டுக்குப் பணமோ பொருளோ கொடுத்துக் கல்யாணம் செய்தால் குற்றம். மருத்துவம் பார்க்கிற பூசாரி குழந்தைகளைப் பள்ளிக்கு வரவிடாமல் செய்தாலோ, மக்கள் பழைய வழக்கத்தை விடாதபடி தடுத்தாலோ, குறைந்தது 10 நாள் அடைப்பு. கோர்ட் எல்லா ஏஜென்சியிலும் அமையவில்லை. அமையாத இடத்தில் ஏஜெண்டே போலீஸ், வக்கீல், நீதிபதி.

அமெரிக்க அரசியலமைப்பில் மதச் சுதந்திரம் உண்டே, எப்படித் தடை செய்தார்கள்?

எளிமையாகச் செய்தார்கள். அதை மதம் என்றே சொல்லவில்லை. 'பழக்கம்', 'மூடத்தனம்', 'நேர விரயம்' என்று எழுதிவிட்டால் அரசியலமைப்பு குறுக்கே வராது. தவிர யூட்டுகள் குடிமக்கள் இல்லை, அரசின் காப்பில் உள்ளவர்கள் என்ற கணக்கு. எல்லாப் பூர்வகுடிகளுக்கும் குடியுரிமை 1924ல்தான் வந்தது, வந்த பிறகும் நடனத் தடை உடனே போய்விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூட் வரலாற்றில் மீக்கர் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. என்ன நடந்தது?

நேதன் மீக்கர். நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் விவசாயப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர், 1870ல் கொலராடோவில் கிரீலி என்ற கூட்டுக் குடியிருப்பை நிறுவியவர். கனவுக்காரர், கடன்காரரும்கூட. கடனை அடைக்க ஒரு சம்பளம் வேண்டும் என்றுதான் 1878ல், அறுபது வயதில், ஒயிட் ரிவர் ஏஜெண்டாகப் போனார். கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. தான் நல்லது செய்கிறோம் என்று கடைசிவரை நம்பியவர், அதுதான் சிக்கல்.

அவர் கணக்கு இது: யூட்டுகள் உழ வேண்டும், உழாததற்குக் காரணம் குதிரை. குதிரை இருப்பதால் வேட்டைக்குப் போகிறார்கள், பந்தயம் விடுகிறார்கள், சூதாடுகிறார்கள். அப்படியானால் குதிரையைக் குறை. ஏஜென்சியையே ஆற்றோரமாகக் கீழே நகர்த்தினார், எங்கே என்றால் யூட்டுகள் குளிர்காலத்தில் குதிரை மேய்க்கிற நல்ல புல்வெளிக்கு. அங்கேதான் அவர்களின் பந்தய மைதானமும் இருந்தது. 1879 செப்டம்பரில் அந்த நிலத்தை உழச் சொன்னார். உழுதவர்களின் தலைக்கு மேலே எச்சரிக்கைக் குண்டுகள் பறந்தன. 'உங்களிடம் குதிரை அதிகம், கொஞ்சத்தைக் கொன்றுவிடுங்கள்' என்ற பொருளில் மீக்கர் பேசியதாகப் பதிவு இருக்கிறது. குதிரைதான் ஒருவனுடைய சொத்தும் பெயரும் என்றிருக்கும் இடத்தில் இப்படிப் பேசினால் என்ன ஆகும்? இதற்கு முன்பே ரேஷன் தகராறு வேறு. ஒப்பந்தப்படி வர வேண்டிய சரக்கு ராலின்ஸ் ரயில் நிலையத்தில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது, வந்ததையும் வேலை செய்தால்தான் தருவேன் என்றார்.

ஜான்சன் என்று வெள்ளையர்கள் அழைத்த யூட் பெரியவர், கனலா, மீக்கரைப் பிடித்துத் தள்ளினார். மீக்கர் ராணுவத்துக்கு எழுதினார். மேஜர் தார்ன்பர்க் வையோமிங்கிலிருந்து படையோடு வந்தார். படை ரிசர்வேஷன் எல்லைக்குள் நுழைவதை யூட்டுகள் போர் அறிவிப்பாகவே பார்த்தார்கள். செப்டம்பர் 29 அன்று மில்க் கிரீக்கில் சண்டை, தார்ன்பர்க் இறந்தார், முற்றுகை அக்டோபர் 5 வரை நீடித்தது. சண்டை தொடங்கிய செப்டம்பர் 29 அன்றே ஏஜென்சியில் மீக்கரும் அங்கிருந்த ஆண் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். அவர் மனைவி, மகள், இன்னொரு பெண், இரண்டு குழந்தைகள் 23 நாள் பிணையாக இருந்து, அன்கம்பாக்ரே தலைவர் ஊரேயின் தலையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள்.

விளைவை யார் அனுபவித்தார்கள்? 'யூட்டுகள் போயே தீர வேண்டும்' என்று கொலராடோ பத்திரிகைகள் கத்தின, 1880ல் புது ஒப்பந்தம், 1881ல் ஒயிட் ரிவர் யூட்டுகள் யூட்டாவுக்கு. கூடவே, கொலையில் துளியும் சம்பந்தமில்லாத அன்கம்பாக்ரே யூட்டுகளும் துப்பாக்கி முனையில் அங்கே ஓட்டப்பட்டார்கள். அவர்களின் பள்ளத்தாக்கு நல்ல விளைநிலம், அதுதான் அவர்கள் செய்த குற்றம்.

தலைவர் ஊரே அரசாங்கத்தின் ஆள் என்கிறார்களே?

ஆண்டுக்கு 1,000 டாலர் அரசிடமிருந்து வாங்கினார், உண்மை. அரசு கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தார், பண்ணை வைத்திருந்தார். ஆனால் பின்னலை மட்டும் வெட்டவில்லை. 1880 ஆகஸ்டில் கொலராடோவின் இக்னேசியோவில் இறந்தபோது அவருடைய மக்கள் அவரைப் பழைய வழக்கப்படி ரகசியமாகப் பாறைகளுக்கிடையே அடக்கம் செய்தார்கள். 1925 வரை வெளியாருக்கு இடம் தெரியாது. துரோகியா சாமர்த்தியசாலியா என்பதை யூட்டுகளே இன்னும் பேசி முடிக்கவில்லை, நான் யார் தீர்ப்புச் சொல்ல. அவர் மனைவி சிப்பீட்டா யூட்டாவுக்கு அனுப்பப்பட்ட பிறகு, வாக்குக் கொடுத்த வசதிகள் எதுவும் வந்து சேராமல், 1924ல் அங்கேயே வறுமையில் இறந்தார்.

சாவு வீட்டில் அரசுக்கு என்ன வேலை?

எனக்கு இந்த விஷயம்தான் எல்லாவற்றையும்விட உறுத்துவது.

யூட் வழக்கப்படி ஒருவர் இறந்தால் அவர் இருந்த குடிசையையும் பொருட்களையும் எரித்துவிடுவார்கள், சில சமயம் அவருடைய குதிரைகளையும் கொல்வார்கள், குடும்பம் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும். இறந்தவரின் ஆவி திரும்பி வரக்கூடாது, வந்தாலும் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்கக்கூடாது. கிளைகளாலும் தோலாலும் கட்டிய குடிசைக்கு இது பெரிய நஷ்டமில்லை.

ஏஜெண்ட் என்ன செய்வார்? அரசுப் பணத்தில் பலகை வீடு கட்டிக் கொடுப்பார், அறிக்கையில் 'இத்தனை வீடு' என்று எண்ணிக்கை போடுவார். வீட்டில் ஒரு குழந்தை இறக்கும். மறுநாள் வீடு காலி. இல்லாவிட்டால் முன்னெச்சரிக்கையாக வீட்டில் சாமான்களைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே கூடாரத்தில் குடியிருப்பார்கள். ஏஜெண்டுக்கு இது சோம்பலும் நன்றி கெட்டதனமும். 1883 விதிகளில் சொத்தை அழிப்பது பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. 'நான் துக்கத்தில் இருக்கிறேன், எங்கள் வழக்கம் இது' என்று சொல்வதை ஏற்கத்தக்க வாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் தனியாக எழுதியே வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் வாஷிங்டனில் மேசை முன் உட்கார்ந்து, துக்கம் என்பது சாக்கு ஆகாது என்று யோசித்து வாக்கியம் அமைத்திருக்கிறார்.

கல்யாணம், குடும்பம்?

பழைய யூட் கல்யாணத்துக்குச் சடங்கு அதிகமில்லை, சேர்ந்து வாழ்ந்தால் கல்யாணம், பிரிந்தால் முடிந்தது, பெண்ணும் பிரிந்து போகலாம். ஏஜெண்டுக்கு இது பிடிக்கவில்லை என்பதில் பாதி ஒழுக்கம், பாதி கணக்கு. ஆண்டுதோறும் குடும்பப் பட்டியல் அனுப்ப வேண்டும், நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்த பிறகு வாரிசு யார் என்று எழுத வேண்டும். அதற்கு ஒரு கணவன், ஒரு மனைவி, அப்பா வழியில் ஒரு குடும்பப் பெயர் என்ற கட்டம் தேவைப்பட்டது. அந்தக் கட்டத்துக்குள் மனிதர்களை அடைத்தார்கள்.

கரடி நடனம் தடை செய்யப்பட்டதா?

கரடி நடனம் யூட்டுகளுக்கே உரியது, மிகப் பழையது. குளிர்காலத் தூக்கத்திலிருந்து கரடி எழும் வசந்த காலத்தில் ஆடுவது. கிளைகளால் வட்டமாக வேலி கட்டுவார்கள். பல் வெட்டிய கட்டையை இன்னொரு குச்சியால் உரசுவார்கள், அந்த உறுமல் கரடியின் குரல், முதல் இடியின் குரல் என்பார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஜோடியைத் தேர்ந்தெடுப்பது பெண்தான், சால்வை நுனியை வீசினால் ஆண் எழுந்து வர வேண்டும், மாட்டேன் என்று சொல்லக் கூடாது. வரிசையைச் சரியாக வைக்கக் கையில் குச்சியோடு ஒருவர் சுற்றுவார். குளிர்காலம் முழுக்கப் பிரிந்து கிடந்த குடும்பங்கள் சேரும் இடம், கல்யாணப் பேச்சு தொடங்கும் இடம், செய்தி பரிமாறும் இடம் எல்லாம் அதுதான்.

விதிகளில் இதன் பெயர் இல்லை. அதனால் சில ஏஜெண்டுகள் 'தீங்கில்லாத கூத்து' என்று விட்டார்கள், சிலர் நாளைக் குறைக்கச் சொன்னார்கள். பொதுவான புகார், உழவு நேரத்தில் ஏரை விட்டுவிட்டு ஆடப் போய்விடுகிறார்கள் என்பதே.

1921ல் பழங்குடி விவகாரக் கமிஷனர் சார்ல்ஸ் பர்க் நடனங்களுக்கு எதிராக ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். 1923 பிப்ரவரியில் அதற்கு ஒரு துணை அறிக்கை: மாதத்துக்கு ஒரு நடனம், வார நடுவில், பகலில் மட்டும், 50 வயதுக்குக் கீழே யாரும் ஆடவோ இருக்கவோ கூடாது, மார்ச், ஏப்ரல், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடவே கூடாது. இப்போது யூட் நாட்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கரடி நடனம் வசந்தத்தில், சூரிய நடனம் கோடை நடுவில். எல்லாப் பழங்குடிகளுக்கும் சேர்த்து எழுதிய அறிக்கைதான், ஆனால் யூட்டுகளின் ஆண்டில் நடுப்பகுதியையே பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஐம்பது வயதுக்குக் கீழே ஆடக்கூடாது என்பதன் உள்நோக்கத்தை விளக்க வேண்டியதில்லை. ஆடத் தெரிந்தவர்கள் செத்து முடியட்டும் என்பதுதான்.

சூரிய நடனம்?

இது யூட்டுகளுக்கு ஒப்பீட்டளவில் புதிது. 1890 வாக்கில் வையோமிங்கின் விண்ட் ரிவர் ஷோஷோனி மக்களிடமிருந்து யூட்டாவுக்கு வந்தது. நடுவில் ஒரு மரக்கம்பம், மூன்று நான்கு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் விரதம், நோயுற்றவர்களுக்காகவும் தங்கள் சக்திக்காகவும் வேண்டுதல். வேறு சில பழங்குடிகளில் இருந்ததுபோல் உடலைக் குத்திக்கொள்ளும் வழக்கம் இவர்களிடம் இல்லை.

காலத்தைக் கவனியுங்கள். தடை வந்தது 1883, நடனம் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. பழையதை விடு என்று அழுத்தியபோது புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பெயோட்டி என்ற மயக்கம் தரும் கள்ளியை உண்ணும் சடங்கும் இப்படித்தான், 1910களில் யூட்டுகளிடையே பரவியது. 1917ல் யூட்டாவும் கொலராடோவும் பெயோட்டிக்கு எதிராகச் சட்டம் போட்டன, சடங்கு நிற்கவில்லை.

முடியை வெட்டச் சொன்னது உண்மையா?

உண்மை. 1902 ஜனவரியில் கமிஷனர் வில்லியம் ஜோன்ஸ் எல்லா ஏஜெண்டுகளுக்கும் கடிதம் போட்டார்: ஆண்கள் நீள முடி வைக்கக் கூடாது, முகத்தில் சாயம் கூடாது, மறுத்தால் வேலையும் ரேஷனும் நிறுத்து. பத்திரிகைகள் கேலி செய்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இதில் ஒரு வேடிக்கை. மூன்று வருடம் கழித்து, 1905ல், தியோடர் ரூஸ்வெல்ட் பதவியேற்பு ஊர்வலத்துக்கு அழகு சேர்க்க ஆறு பழங்குடித் தலைவர்களை முழு இறகு அலங்காரத்தோடு குதிரையில் வரவழைத்தார்கள். ஜெரோனிமோவுக்கும் குவானா பார்க்கருக்கும் பக்கத்தில் தென் யூட் தலைவர் பக்ஸ்கின் சார்லியும் வந்தார். வாஷிங்டன் வீதியில் இறகு சரி, இக்னேசியோவில் பின்னல் தப்பு.

பிள்ளைகள்?

விடுதிப் பள்ளிகள். யூட்டாவில் வைட்ராக்ஸில் ஒன்று, கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ், இக்னேசியோவில் ஒன்று. முடி வெட்டல், சீருடை, யூட் மொழிக்குத் தடை, தொற்றுநோய்ச் சாவுகள். பிள்ளைகளை அனுப்பாத குடும்பத்துக்கு ரேஷன் கட். பிள்ளை செத்துப்போகும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப மறுத்ததை அறிக்கைகள் 'கல்வியில் ஆர்வமின்மை' என்று எழுதின.

யூட்டுகள் பேசாமல் இருந்தார்களா?

ஒயிட் ரிவர் தவிரப் பெரும்பாலும் சண்டையில்லாத வழிகள். 1895ல் தென் யூட்டுகளின் நிலத்தைத் தனித்தனியாகப் பிரிக்கச் சட்டம் வந்தது. வீமினூச்சே தலைவர் இக்னேசியோ தனிப்பங்கு வேண்டாம் என்று தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேற்கே வறண்ட நிலத்துக்கு நகர்ந்துவிட்டார். இன்றைய யூட் மவுன்டன் யூட் ரிசர்வேஷன் அதுதான், நிலம் இன்றும் பொதுச் சொத்து.

1905ல் யூயின்டா ரிசர்வேஷனை வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். 1906ல் ஏறக்குறைய 400 யூட்டுகள், பெரும்பாலும் ஒயிட் ரிவர்க்காரர்கள், வண்டியும் குதிரையுமாகக் கிளம்பினார்கள். லக்கோட்டா மக்களோடு சேர்ந்து வாழலாம் என்று தெற்கு டகோட்டா வரை போனார்கள். குதிரைப்படை வழிமறித்தது. லக்கோட்டாக்களிடமும் கொடுக்க நிலம் இல்லை. 1908ல் திரும்பி வந்தார்கள்.

எல்லா ஏஜெண்டும் இப்படித்தானா?

இல்லை. ரேஷன் வரவில்லை என்று வாஷிங்டனோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு, எல்லை தாண்டிய குடியேறிகளை விரட்டக் கேட்டவர்கள் உண்டு. டெல்லரே நிலத்தைத் தனித்தனியாகப் பிரிப்பது பழங்குடிகளின் நிலத்தைப் பறிக்கும் வழி என்று செனட்டில் எதிர்த்தவர்தான். ஆனால் நல்ல ஏஜெண்ட் வந்தால் சோறு, கெட்டவர் வந்தால் பட்டினி என்றால், ஆளைக் குறை சொல்லி என்ன பயன்?

எப்போது முடிந்தது?

1934 ஜனவரியில் கமிஷனர் ஜான் காலியர், பழங்குடிகளின் மத வாழ்க்கையிலும் சடங்குகளிலும் இனிக் குறுக்கிடக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். அதே ஆண்டு தன்னாட்சிக் குழுக்களுக்கு வழி செய்யும் சட்டமும் வந்தது. 1936ல் பக்ஸ்கின் சார்லி இறந்த பிறகு அவர் மகன் அன்டோனியோ பக் தென் யூட்டுகளின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரானார். பழங்குடி மதச் சுதந்திரத்தைச் சட்டமாக எழுத 1978 ஆனது.

இன்று போய்ப் பார்க்கலாமா?

மூன்று யூட் பழங்குடி அரசுகள் இருக்கின்றன: இக்னேசியோவில் தென் யூட், டவயாக்கில் யூட் மவுன்டன், ஃபோர்ட் டூஷேனில் யூயின்டா-ஊரே. இக்னேசியோவில் கரடி நடனம் வழக்கமாக மே மாதக் கடைசி வார இறுதியில் நடக்கும், வெளியாரும் வரலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். சூரிய நடனத்துக்கு கேமராவை எடுத்துக்கொண்டே போகாதீர்கள். கரடி நடனத்தில் யாராவது ஒரு பாட்டி உங்கள் பக்கம் சால்வையை வீசினால் எழுந்து ஆடித்தான் ஆக வேண்டும், கால் வலிக்கிறது என்றெல்லாம் சொல்ல முடியாது.